கடைசி அத்தியாயம் ஏறிக்கொண்டிருக்கிறது

அறிவும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் மகளும் புதிதாக வந்திருக்கும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அத்தை சௌக்கியமாக இருப்பது எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் போன் செய்து அவளே சொல்லிவிடுகிறாள், இப்போதைக்கு என் கஷ்டமே அதுதான். நான் சௌக்கியம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவைக்கிறேன். மேற்கொண்டு படித்தால் உண்மை உங்களுக்கே தெரிந்துவிடும். கடிதம் வீட்டுக்கு வராமல் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருப்பதைப் பார்த்து யாருக்கு என்னவோ ஏதோ என்று பதற வேண்டாம். உங்கள் வீட்டில் தபாலை முதலில் பிரிப்பது உங்கள் அத்தை. போனில் சொல்லலாம் என்றால், உங்கள் வீட்டில் போனை மேஜை நடுவில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பேசுகிறீர்கள், அதில் ரகசியம் பேசுவதும் தெருவில் நின்று தண்டோரா போடுவதும் ஒன்றுதான். மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். முழுவதையும் படித்தபிறகு கேட்க மாட்டீர்கள். பேனாவால் எழுதினால் எழுதியது எழுதியபடியே போய்ச் சேரும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் இன்று என்னிடம் மிச்சமிருக்கிறது.

நீங்கள் ஆசையோடு வாங்கிக் கொடுத்த புதுக் கம்ப்யூட்டர் கூடத்து மேஜையில், பழையதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழையது கிளம்பும்போது மாவு அரைப்பதுபோல் ஒரு சத்தம் போடும், புதியது மூச்சே விடுவதில்லை. உங்கள் அத்தை வார இதழில் எழுதிவரும் கொலைக்கதைத் தொடர் அத்தனையும் அந்தப் பழைய மெஷினுக்குள்தான் இருந்தது. பிரசவத்துக்காக அங்கே கிளம்பிய அன்று, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பேத்திக்குப் பின்னிய கம்பளிக் குல்லாயுமாக வாசலில் நின்றுகொண்டு, கதை மொத்தத்தையும் புதிதில் ஏற்றிவைத்துவிடச் சொன்னாள். ஏற்றுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னாள். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். நீங்களும் போனில், "ஒண்ணுமே இல்ல மாமா, இங்க பிடிச்சு அங்க போட்டா முடிஞ்சுது" என்று சொன்னீர்கள். அதன்படியே இங்கே பிடித்து அங்கே போட்டேன். அதுவரை ஒரு குறையும் நடக்கவில்லை, அதை நீங்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் வேலையில் இருந்தவரை பாட்டில் மூடித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவனாக இருந்தவன் என்பது நீங்கள் அறிந்ததே. ஓடும் பட்டையில் வருகிற மூடிகளில் நெளிந்தது, கோணலானது, சாயம் தப்பியது எல்லாவற்றையும் பொறுக்கிக் கழிப்பது என் தொழில். பெட்டி கட்டியபிறகு சோதிப்பதானால் அடியிலிருந்துதான் தொடங்குவோம், ஏனென்றால் நல்ல சரக்கை மேலே அடுக்கிவைப்பது உலக வழக்கம். அந்தப் பழக்கத்தில் கதையின் கடைசி அத்தியாயத்தை முதலில் திறந்து பார்த்தேன். தமிழ் இல்லை மாப்பிள்ளை. தொப்பி போட்ட எழுத்து, தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து, வாலில் கொக்கி மாட்டிய எழுத்து, நடுநடுவே அரை, கால் என்று பின்னங்கள், பாம்பு நெளிந்ததுபோல் ஒரு குறி. கொலைக்கதை என்பதால் சங்கேத பாஷையில் எழுதியிருப்பாளோ என்று கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தேன். பக்கம் பக்கமாக அப்படியே போனது. என் ஆயுளில் இவ்வளவு கழிவுச் சரக்கு ஒரே பெட்டியில் வந்து நான் பார்த்ததில்லை. வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் கோணல் மூடியைக் கண்ணால் பார்த்தபிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியாது, அது பிறவிக் குணம்.

அந்த மெஷினில், எழுத்தை எந்த முறையில் காட்டுவது என்று கேட்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஒன்றில் தொப்பிகள் போய் மீசைகள் வந்தன. இன்னொன்றில் எல்லாம் வலமிருந்து இடமாக ஓடின. வேறொன்றில் முழுக்க முழுக்கச் சின்னச் சின்ன வீடுகள்போல் ஏதோ நின்றது. அப்போதுதான் நீங்கள் ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே, இப்போதெல்லாம் உலகத்து பாஷை அத்தனைக்கும் பொதுவாக ஒரே முறை வந்துவிட்டது, இனி அதுதான் எல்லாம் என்று புகழ்ந்து பேசியது ஞாபகம் வந்தது. அந்தப் பெயரும் பட்டியலில் இருந்தது. மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதை அமுக்கினேன். பழியை உங்கள்மேல் போடுவதாக நினைக்க வேண்டாம், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அமுக்கிய மாத்திரத்தில் தொப்பியும் புள்ளியும் வாலும் ஓடிப்போயின. எல்லா எழுத்தும் ஒன்றே ஆனது. கறுப்பாக ஒரு சாய்சதுரம், அதற்குள் வெள்ளையாக ஒரு கேள்விக்குறி. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அதே அளவு, அதே உயரம், அதே கறுப்பு. ஒன்றுகூட நெளியவில்லை. இத்தனை வருடச் சர்வீசில் இப்படி ஒரு சீரான சரக்கை நான் கண்டதில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிமென்ட் இறுகுவதுபோல் இது ஏதோ நடுக்கட்டம், காலையில் தமிழாகிவிடும் என்று நினைத்தேன். சேவ் செய்யட்டுமா என்று மெஷின் கேட்டது. அத்தனை பணிவாகக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பிறகு, ஒரே சரக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலை விதி. ஆகவே அந்தச் சீரான அத்தியாயத்தைப் பிடித்து, பழைய மெஷினில் இருந்ததன் மேலேயே போட்டேன். சரக்கைச் சுமந்துவந்த பென் டிரைவிலும் போட்டேன். வேலையை முழுசாக முடித்துவிட்ட நிம்மதியில் ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தேன்.

காலையில் தமிழாகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. மூன்று இடத்திலும் அதே கேள்விக்குறிகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இதற்குள் பத்திரிகை ஆசிரியர் போன் செய்ய ஆரம்பித்துவிட்டார். கடைசி அத்தியாயம் எழுதி முடித்தாயிற்று, புது மெஷினில் ஏறியதும் வந்துவிடும் என்று உங்கள் அத்தை அவரிடம் சொல்லியிருக்கிறாளாம். ஏறிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னேன். அடுத்த நாளும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன். இவ்வளவு நாள் ஏறுவதற்கு அது என்ன மலையா என்று அவர் கேட்டபோது, கண்ணால் பார்த்தால் நம்புவார் என்று அந்தக் கேள்விக்குறி ஃபைலை அப்படியே அனுப்பிவைத்தேன். அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். கொலைகாரன் யார் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிட்டது புதுமையான முயற்சிதான், ஆனாலும் பன்னிரண்டு பக்கத்துக்கு ஊகம் கொஞ்சம் அதிகம், அலுவலக வாசலில் கல் வந்து விழும் என்று மிகவும் நாகரிகமாகச் சொன்னார். அடுத்த இதழுக்குள் ஒழுங்கான முடிவு வராவிட்டால் தொடரை அந்தரத்தில் நிறுத்திவிடுவாராம், அத்தையிடம் இனி வேறு கதை கேட்பதற்கும் இல்லையாம்.

அதற்குமேல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று புது மெஷினைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்மணி ஒரு பிரிண்டரைக் குடல் உருவிப் போட்டுவிட்டு அதற்கு நடுவில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். மற்ற அத்தியாயங்களைத் திறந்து காட்டினேன், அதே தொப்பியும் வாலும்தான். அதைப் பார்த்து அவர் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தால், இது பழைய ஃபான்ட் சார், எழுத்தெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, முகம்தான் மாறித் தெரிகிறது என்று சொல்லி எதையோ தட்டினார். அவ்வளவுதான், பக்கம் பக்கமாகத் தமிழ் வந்து நின்றது. உடனே நான் தெம்பாகக் கடைசி அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தேன். இதுதான் இருப்பதிலேயே சுத்தமானது, இன்னும் சுலபமாக வந்துவிடும் என்று யோசனையும் சொன்னேன். அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு ரொட்டியைக் கீழே வைத்தார்.

"இதை சேவ் பண்ணீங்களா?"

பண்ணினேன் என்றேன். எல்லா இடத்திலும் பண்ணினேன் என்று சேர்த்துச் சொன்னேன்.

"அசிங்கமாத் தெரிஞ்சப்போ அது உயிரோட இருந்துச்சு சார். இப்ப அழகா ஒரே மாதிரி தெரியுதே, இதுதான் பொணம்."

எந்த எழுத்து எது என்று மெஷினுக்குப் புரியாத இடத்தில் எல்லாம் அது ஒரு கேள்விக்குறியை வைத்துவிடுமாம். வைத்து சேவ் செய்துவிட்டால் அடியில் இருந்தது என்ன என்று அதற்கே தெரியாதாம். கேள்விக்குறிக்குக் கீழே கரண்டி விட்டுக் கிளறிப் பார்க்க முடியாதா என்று கேட்டேன். கீழே ஒன்றும் இல்லை, கேள்விக்குறிதான் மிச்சம் என்று சொல்லிவிட்டு அவர் பிரிண்டரின் குடலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காசுகூட வாங்கவில்லை, அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். என் கதையில் குரங்குகூட இல்லை, வெறும் கேள்விதான்.

வீட்டுக்கு வந்து, வேறு வழி தெரியாமல், மிச்ச அத்தியாயங்களைப் படித்தால் கடைசியில் என்ன நடந்திருக்கும் என்று கண்டுபிடித்துவிடலாம் என உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அவள் எழுதியதை நான் படித்தது இதுதான் முதல் தடவை. பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் கேட்கும், மழைச் சத்தத்தைப் போல அதையும் கேட்டுக்கொண்டு நான் பாட்டுக்குத் தூங்கிவிடுவேன். படிக்க ஆரம்பித்தவன் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு தங்கும் விடுதியின் முதலாளி லிஃப்டுக்குள் செத்துக் கிடக்கிறார். மனைவி, தம்பி, மருமகன், மேல்மாடியில் குடியிருக்கும் வாத்தியக்காரர், இந்த நான்கு பேரில் ஒருவர்தான் செய்திருக்க முடியும். இவ்வளவு குள்ளநரித்தனம் உங்கள் அத்தைக்கு எங்கிருந்து வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. யாரைப் பிடித்தாலும் அடுத்த அத்தியாயத்தில் நழுவிவிடுகிறார்கள். நடுவில் ஓர் இடம். புருஷன் செத்த மறுநாள் அந்த மனைவி, இனிமேல் யாரும் போடப் போவதில்லை என்று தெரிந்தும், அவருடைய சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக இஸ்திரி போடுகிறாள். அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு நான் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றேன்.

முடிவு மட்டும் பிடிபடவில்லை. ஆகவே அன்று சாயங்காலம் நீங்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் அவள் தனியாகப் போன் செய்தபோது, பேத்தியின் ஜலதோஷத்தை விசாரித்துவிட்டு, போகிறபோக்கில் கேட்பதுபோல, ஆமாம் அந்த விடுதி முதலாளியை யார்தான் கொன்றது என்று கேட்டுவைத்தேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டுமுறை ஹலோ சொன்னேன்.

"நீங்க படிச்சீங்களா?" என்றாள்.

படித்தேன் என்றேன். எதுவரை என்றாள். இருக்கிற வரைக்கும் என்றேன், அதில் பொய் இல்லை. எந்த இடம் பிடித்தது என்று கேட்டாள், இஸ்திரியைச் சொன்னேன். அப்புறம் அவள் குரலே வேறு மாதிரி ஆகிவிட்டது மாப்பிள்ளை. பெண் பார்க்கப் போன அன்றுகூட அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. கொலைகாரனைச் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கேட்டாள். நான் ஒருவரைச் சொன்னேன், காரணமும் சொன்னேன். யாரைச் சொன்னேன் என்பது இந்தக் கடிதத்துக்கு அவசியமில்லை. அவள் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டு, இன்று எந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தீர்கள், அந்த வாத்தியக்காரன் பேச்சு எப்படி இருந்தது என்று கேட்கிறாள். அம்மா பேத்தியைக் குளிப்பாட்டும்போது பாட்டெல்லாம் பாடுகிறாள், அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று மகள் என்னைக் கேட்கிறாள்.

என் நிலைமை இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்போதுதான் அவள் என்னால் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில், அவள் வாரக்கணக்கில் எழுதிய முடிவை நான் ஒரே அமுக்கில் கொன்று புதைத்த சமாசாரம் கிடக்கிறது. தெரிந்தால், இவர் ஆசையாகப் படிக்கவில்லை, திருட்டை மறைக்கத்தான் படித்தார் என்று நினைத்துவிடுவாள். தொடங்கும்போது அதுதான் உண்மை. இப்போது அது உண்மை இல்லை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி நம்பவைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. ஆகவே நீங்கள்தான் கைகொடுக்க வேண்டும். அந்தக் கேள்விக்குறிகளைத் திறக்கிற வித்தை உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா என்று விசாரியுங்கள், கடைக்காரப் பெண்மணி சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை, அவர் ரொட்டி தின்கிற அவசரத்தில் இருந்தார். அது ஆகாதென்றால், சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாக அத்தையிடம் முடிவைக் கறந்து எனக்கு எழுதி அனுப்புங்கள், மிச்சத்தை நான் எப்படியாவது ஒப்பேற்றி ஆசிரியருக்கு அனுப்பிவிடுகிறேன். மகளிடம் மூச்சு விடாதீர்கள். நல்ல பெண்தான், ஆனால் தாயைப் போலத்தானே பிள்ளை. இந்த வயதில் மாப்பிள்ளையிடம் கையேந்த வைத்துவிட்டதே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களைத் தவிர நான் நம்பிச் சொல்ல வேறு ஆள் இல்லை. உங்களைப் போல ஒரு குறையும் சொல்ல முடியாத மாப்பிள்ளை வாய்த்தது எங்கள் பாக்கியம் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேத்திக்கு என் முத்தங்கள். குல்லாய் பெரிதாக இருந்தால் கழற்ற வேண்டாம், தலை தானாக வளர்ந்து சரியாகிவிடும். உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த நிம்மதியும், போகிற இடமெல்லாம் நல்ல பெயரும் உண்டாகட்டும் என்று மனமார வாழ்த்தும்,

உங்கள் அன்புள்ள மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை கூப்பிட்டாள். இன்று எந்த அத்தியாயம் என்று கேட்டாள். ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், உண்மை வந்துவிட்டது. தொப்பி, சாய்சதுரம், பழைய மெஷின், பென் டிரைவ் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பயந்துபோய்ப் படிக்க உட்கார்ந்தேன், பிறகு எழுந்திருக்க மனசு வரவில்லை என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அந்த ஃபைல்ல முடிவே இல்லைங்க. பன்னிரண்டு விதமா எழுதிப் பார்த்தேன், ஒண்ணும் உருப்படலை. யார் கொன்னாங்கன்னு எனக்கே தெரியாமத்தான் இத்தனை நாள் இழுத்துட்டிருந்தேன். ஆசிரியர் தொல்லை தாங்காம முடிச்சாச்சுன்னு சொல்லிவச்சேன். அது போனது நல்லதுதான்."

போனில் நான் சொன்ன ஆளும் காரணமும்தான் கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தியதாம். மறுநாளே உங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கையால் எழுதி முடித்துவிட்டாளாம். போன வாரம் அலுவலகம் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடச் சொல்லி உங்களிடம் கொடுத்தாளே கனமான ஓர் உறை, அதுதான். ஆகவே மேலே நான் கேட்ட உதவி எதுவும் இனி வேண்டியதில்லை. ஆனாலும் கடிதத்தை அனுப்புகிறேன், ஏனென்றால் மாப்பிள்ளை பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, நீங்களே ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். நான் சொன்ன ஆள் மருமகன். தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதை முழுக்க அவன் ஒருவனிடம்தான் ஒரு குறையும் இல்லை, குறையே இல்லாத சரக்கை நம்பி நான் அந்த வாரம்தான் மோசம்போயிருந்தேன். தூக்கு வேண்டாம், ஆயுளோடு விட்டுவிடு என்று உங்களுக்காக என்னால் ஆனமட்டும் கேட்டுப் பார்த்தேன். அச்சுக்குப் போய்விட்டது என்கிறாள்.